விவாத இழை: நீர்த்த பாலிமர் கரைசலில் ஜி′ அளப்பது – எண் கரைசலுடையதா, கருவியுடையதா?

#1 – கரைசல்காரன்

மாதிரி: பாலிஎத்திலீன் ஆக்சைடு (இனி பி.இ.ஓ.), மூலக்கூறு எடை 40 லட்சம், தண்ணீரில் 0.02 எடை விழுக்காடு, 25 டிகிரி செல்சியஸ். கருவி: 60 மி.மீ. விட்டம், 1 டிகிரி கோன்-பிளேட் (கூம்பும் தட்டும்) பூட்டிய சுழல் ரியோமீட்டர், அதாவது பாய்வுத் தன்மை அளக்கும் கருவி. திரிபு 10 விழுக்காடு, கோண அதிர்வெண் 1 முதல் 100 ரேடியன்/வினாடி.

ஜி′ (சேமிப்புக் குணகம், மீள்தன்மையின் அளவு) 10 ரேடியனில் 10⁻³ பாஸ்கல், 100 ரேடியனில் 0.1 பாஸ்கல். லாக்-லாக் வரைபடத்தில் சரிவு அச்சாக 2. ஜி″ (இழப்புக் குணகம், பாகுத்தன்மையின் அளவு) சரிவு 1. 100 ரேடியனை ஒட்டி இரண்டும் வெட்டிக்கொள்கின்றன. அதன்படி தளர்வு நேரம் (நீண்ட சங்கிலி மறுபடி சுருள எடுக்கும் நேரம்) 10 மில்லிவினாடி. சரிவு 2, 1 என்று பாடப்புத்தகம் சொல்வது போலவே வருவதால் இந்த 10 மில்லிவினாடியை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? மாதிரியை மாற்றாமல் வேறு எப்படிச் சரிபார்ப்பது?

#2 – சுழல்தட்டு

எடுத்துக்கொள்ளக் கூடாது. சரிவு 2 வந்ததே இங்கே சந்தேகத்துக்குக் காரணம்.

முதலில் தாளில் ஒரு கணக்கு. தண்ணீரில் பி.இ.ஓ.வின் உள்ளார்ந்த பாகுநிலைக்கு (மிக நீர்த்த நிலையில் ஓரலகுச் செறிவு பாகுநிலையை உயர்த்தும் விகிதம்) வழக்கத்தில் உள்ள மார்க்-ஹவ்விங்க் சூத்திரம்: 0.072 × (மூலக்கூறு எடை)^0.65, அலகு கன செ.மீ./கிராம். 40 லட்சத்துக்கு ஏறத்தாழ 1400 வரும். 0.77-ஐ இதனால் வகுத்தால் சங்கிலிச் சுருள்கள் ஒன்றையொன்று தொடத் தொடங்கும் செறிவு, அதாவது சி-ஸ்டார், 0.055 விழுக்காடு. உங்களுடைய 0.02 அதில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியது. நீர்த்த கரைசல்தான், அதில் தகராறு இல்லை.

அடுத்து சிம் தளர்வு நேரம், அதாவது நீர்த்த கரைசலில் தனிச் சங்கிலிக்குக் கோட்பாடு தரும் நேரம்: உள்ளார்ந்த பாகுநிலை × மூலக்கூறு எடை × கரைப்பான் பாகுநிலை ÷ (வாயு மாறிலி × வெப்பநிலை). இந்தக் கரைப்பானுக்கு முன்கெழு சுமார் 0.46. தண்ணீரின் பாகுநிலை 25 டிகிரியில் 0.89 மில்லிபாஸ்கல்-வினாடி. எல்லாவற்றையும் எஸ்.ஐ. அலகில் போட்டால் 0.94 மில்லிவினாடி. உங்கள் எண் இதைப்போல் பத்து மடங்கு.

இனி ஜி′ எவ்வளவு வரவேண்டும்? சங்கிலிகளின் எண்ணடர்த்தி தரும் குணகம் 0.12 பாஸ்கல். 10 ரேடியனில் அதிர்வெண்ணையும் தளர்வு நேரத்தையும் பெருக்கினால் 0.0094. வர்க்கப்படுத்திப் பெருக்கி, உயர் அதிர்வு முறைகளையும் கூட்டினால் 1.3 × 10⁻⁵ பாஸ்கல். அதே இடத்தில் ஜி″ 0.0114 பாஸ்கல். கட்டக் கோணம் (திரிபுக்கும் தகைவுக்கும் இடையிலான கோணம்; 90 என்றால் மீள்தன்மையே இல்லை) 89.94 டிகிரி. அந்த 0.06 டிகிரியை எந்தச் சுழல் ரியோமீட்டரும் நம்பும்படி பிரித்துக் காட்டாது.

அப்படியானால் கருவி காட்டிய 10⁻³ எங்கிருந்து வந்தது? மோட்டார் தண்டும் கோனும் சேர்ந்த நிலைமத் திருப்புத்திறன் 2 × 10⁻⁵ கி.கி.மீ² என்று வையுங்கள். இந்த வகைக் கருவிகளுக்கு இது சாதாரண அளவு. அதை அதிர்வெண்ணின் வர்க்கத்தால் பெருக்கி, இந்தக் கோனின் தகைவு-திரிபு மாறிலிகளால் பாஸ்கலுக்கு மாற்றினால் 10 ரேடியனில் 0.62 பாஸ்கல். மென்பொருள் அந்த 0.62-ஐத் திருத்திக் கழித்த பிறகு மிஞ்சுவதைத்தான் உங்களுக்கு ஜி′ என்று காட்டுகிறது. திருத்தத்தில் 0.16 விழுக்காடு பிசகினால் 10⁻³ பாஸ்கல் போலி ஜி′ கிடைக்கும். 100 ரேடியனில் அதே 0.16 விழுக்காடு 0.1 பாஸ்கல் ஆகிறது. உங்கள் இரண்டு எண்களும் வந்துவிட்டன, பாலிமரே இல்லாமல்.

நிலைமப் பிழை அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு ஏறும். நீர்த்த கரைசலின் உண்மையான ஜி′-ம் தாழ் அதிர்வெண்ணில் அப்படியே ஏறும். அதனால் சரிவை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க வழியில்லை.

#3 – கரைசல்காரன்

கணக்கு புரிகிறது சார். ஆனால் காலை ஓட்டத்துக்கு முன் நிலைமத் திருத்தம் கோன் பூட்டியே செய்யப்பட்டது, காற்றுத் தாங்கியின் டார்க் (திருப்புவிசை) வரைபடமும் புதிதாக எடுக்கப்பட்டது. 0.16 விழுக்காடு பிசகு அதற்குப் பிறகும் இருக்குமா?

#4 – சுழல்தட்டு

இருக்கும். அடுத்தடுத்து ஐந்து முறை நிலைமத் திருத்தம் செய்து ஐந்து எண்களையும் எழுதிப் பாருங்கள். மூன்றாம் இலக்கத்தில் ஆடினாலே போதும், கதை முடிந்தது. 1.3 × 10⁻⁵-ஐப் பார்க்க வேண்டுமானால் 0.62 பாஸ்கலை 50,000-இல் ஒரு பங்கு துல்லியத்தில் கழிக்க வேண்டும்.

மாதிரியை மாற்றாமல் சரிபார்க்கக் கேட்டீர்கள். கோனை மாற்றுங்கள். 60 மி.மீ.க்குப் பதில் 40 மி.மீ., அல்லது 1 டிகிரிக்குப் பதில் 2 டிகிரி. கரைசலின் ஜி′ வடிவத்தைப் பொறுத்து மாறாது. நிலைமப் பிழை மாறும், ஏனென்றால் டார்க்கைப் பாஸ்கலாக்கும் மாறிலிகள் மாறுகின்றன. அதன் பிறகு வெறும் தண்ணீரை வைத்து அதே ஓட்டத்தைச் செய்யுங்கள். தண்ணீருக்கும் ஜி′ சரிவு 2-இல் வந்தால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

கருவி நிலைமம் போக, திரவத்தின் நிலைமம் தனி. பாகுநிலையை அடர்த்தி × அதிர்வெண்ணால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் ஷியர் (சறுக்குப் பெயர்ச்சி) அலை ஊடுருவும் ஆழம் கிடைக்கும். 100 ரேடியனில் அது வெறும் 0.11 மி.மீ.; உங்கள் கோனின் விளிம்பு இடைவெளி 0.52 மி.மீ. அதாவது விளிம்பில் திரிபு சீராகவே இல்லை. 10 ரேடியனில்கூட ஆழம் 0.34 மி.மீ.தான்.

இன்னொன்று பரப்பு இழுவிசை. விளிம்பில் திரவம் ஒரு பக்கம் அரை மி.மீ. வழிந்திருந்தால், அல்லது கோனின் ஓரத்தில் ஒரு புள்ளி ஈரமாகாமல் நின்றால், சுற்றும்போது 0.1 மைக்ரோநியூட்டன்-மீட்டர் அளவு டார்க் எளிதில் வரும். இந்தக் கோனில் அது 1.8 × 10⁻³ பாஸ்கல் தகைவு. 10 விழுக்காடு திரிபில் உங்கள் ஜி″ தரும் தகைவே 1.1 × 10⁻³ பாஸ்கல்தான். பி.இ.ஓ. பரப்பில் ஒட்டும் குணமுள்ளது, கரைசலின் பரப்பு இழுவிசை தண்ணீரின் 72-இலிருந்து 62 மில்லிநியூட்டன்/மீட்டர் வரை இறங்கும். ஆகவே தண்ணீர் ஓட்டத்தில் விளிம்பு நின்ற மாதிரியே கரைசலிலும் நிற்கும் என்று எண்ண வேண்டாம்.

#5 – மெல்லிழை

சுழல்தட்டு சார் சொன்னதோட நிறுத்தாம ஒரு படி மேல போகலாம். தளர்வு நேரம் 1 மில்லிவினாடின்னா ஷியர்ல அதைத் தேடுறதே வீண். இழுவிசைப் பாய்வுக்கு வாங்க. தண்ணி மாதிரி கரைசலுக்கு இப்போ கைக்கு அடக்கமா இருக்கிறது சொட்டைத் தட்டுல விட்டு இழை மெலியுறதைப் படம் பிடிக்கிற முறைதான், டிரிப்பிங்-ஆன்டு-சப்ஸ்ட்ரேட்.

தேவைப்படுறது: 1.27 மி.மீ. வெளிவிட்டம், 0.84 மி.மீ. உள்விட்டம் உள்ள மழுங்கல் எஃகு ஊசி, சிரிஞ்சு பம்பு, சுத்தமான கண்ணாடித் தகடு, வேகக் கேமரா. ஊசி முனைக்கும் தகட்டுக்கும் தூரம் வெளிவிட்டத்தைப் போல 3 மடங்கு, கிட்டத்தட்ட 3.8 மி.மீ. ஓட்டம் நிமிஷத்துக்கு 0.02 மி.லி. சொட்டு தகட்டைத் தொட்டுப் பரவும்போது நடுவுல கழுத்து விழும், அந்தக் கழுத்துதான் இழை.

கேமரா வினாடிக்கு 10,000 படம், ஒவ்வொண்ணும் 10-20 மைக்ரோவினாடி வெளிச்சம். பின்னாடி எல்.இ.டி. வச்சு முன்னால ஒரு பரவல் தகடு. ஹாலஜன் விளக்கு வேண்டாம், சொட்டு சூடாகும், முனையில தோல் கட்டும். ஒரு பிக்சல் 3-5 மைக்ரோமீட்டர் இருக்கணும்.

படத்துல இருந்து குறைந்தபட்ச விட்டத்தை எடுத்து, லாக் அச்சுல விட்டம், சாதா அச்சுல நேரம்னு போடுங்க. முதல்ல ஒரு வளைவா இறங்கும், அது நிலைமமும் பரப்பு இழுவிசையும் மட்டும் நடத்துற பகுதி. அங்க விட்டம், அறுபடும் நேரத்துக்கு மிச்சமிருக்கிற நேரத்தோட 2/3 அடுக்கா போகும். பாலிமர் நீண்டு பிடிக்க ஆரம்பிச்சதும் ஒரு முறிவு தெரியும், அதுக்கப்புறம் நேர்கோடு. அந்தக் கோட்டோட சரிவு, 1-ஐ மூணு மடங்கு தளர்வு நேரத்தால வகுத்தது, மைனஸ் குறியோட. தளர்வு நேரத்துக்குப் பரப்பு இழுவிசையோட மதிப்பே தேவையில்லை, இந்த முறையில எனக்குப் பிடிச்சது அதுதான். இழுவிசைப் பாகுநிலை வேணும்னா மட்டும் அது தேவைப்படும்.

1 மில்லிவினாடி தளர்வுன்னா விட்டம் 100-லிருந்து 20 மைக்ரோமீட்டருக்கு வர 4.8 மில்லிவினாடி, 48 படம் கிடைக்கும். ஒரு கோடு போட அது தாராளம்.

தப்பு அதிகம் நடக்கிறது கோடு போடுற இடத்துல. முறிவுக்கு முன்னாடி உள்ள வளைவையும் சேர்த்து மென்பொருள்ல ஒரு எக்ஸ்பொனென்ஷியல் ஓட்டினா அழகா பொருந்துற மாதிரியே இருக்கும், எண் தப்பா இருக்கும். அதனால விட்டத்தை 3/2 அடுக்குக்கு உயர்த்தி நேரத்துக்கு எதிரா தனியா ஒரு படம் போடுங்க. முதல் பகுதி அதுல நேர்கோடா வரும், அது எங்க விலகுதோ அங்கிருந்துதான் உங்க பகுதி தொடங்குது. கீழ 5 பிக்சலுக்குக் குறைஞ்ச விட்டத்தைத் தொடாதீங்க. சங்கிலி முழுசா நீண்டு முடிஞ்சதும் இழை மறுபடி வேகமா, நேரத்துக்கு நேர்விகிதமா மெலியும், மணி கோத்த மாதிரி முடிச்சும் விழும். அதுவும் கணக்குல வரக்கூடாது.

#6 – நுண்துகள்

கேபர் கருவியை (இரண்டு தட்டுகளைச் சட்டென்று பிரித்து, நடுவில் இழை மெலிவதை அளப்பது) விட்டுவிட்டீர்களே. பல ஆய்வகங்களில் இழுவிசைக்கு இருப்பது அதுதான்.

#7 – மெல்லிழை

வேணும்னுதான் விட்டேன். கேபர்ல தட்டு பிரியவே 20-50 மில்லிவினாடி ஆகும். அதுக்குள்ள 1 மில்லிவினாடி இழை அறுந்து போயிருக்கும். 6 மி.மீ. தட்டுக்கு இடையில தண்ணியோட ராலே நேரமே (பரப்பு இழுவிசையால திரவம் ஆடுற நேர அளவு) 19 மில்லிவினாடி, தட்டு நின்னதும் திரவம் ஆடும், அந்த ஆட்டம் விட்ட அளவுல தெரியும். தட்டை ரொம்ப மெதுவா, தானா கழுத்து உடையிற தூரம் வரைக்கும் நகர்த்துற வழி ஒண்ணு இருக்கு, அதுல 1 மில்லிவினாடிக்குக் கீழயும் போகலாம். ஆனா லேசர் மைக்ரோமீட்டரை நம்பாம வேகக் கேமரா வேணும். கேமரா வாங்கினப்புறம் கேபர் எதுக்கு?

#8 – சுழல்தட்டு

மெல்லிழை, முறையில் குறை இல்லை. ஆனால் கிடைக்கும் எண்ணை சிம் நேரத்தோடு நேரடியாக ஒப்பிடச் சொல்லாதீர்கள். இழை மெலியும்போது வைசென்பெர்க் எண் (உருமாற்ற வீதம் × தளர்வு நேரம்) 2/3-இல் நிற்கிறது. சுருள் நீளத் தொடங்கும் எல்லை 1/2. எனவே சங்கிலி சுருண்ட நிலையிலேயே இல்லை. 40 லட்சம் பி.இ.ஓ. சுருளின் ஆரம் 150 நானோமீட்டர் அளவு. முழுதாக நீட்டினால் 91,000 மோனோமர்கள், 30 மைக்ரோமீட்டரை ஒட்டிய நீளம். அப்படி நீண்ட சங்கிலிகள் சி-ஸ்டாருக்குக் கீழேயே ஒன்றையொன்று உணர்கின்றன. இழையில் அளந்த தளர்வு நேரம் நீர்த்த பகுதியிலும் செறிவோடு ஏறுவது இதனால்தான். சிம் நேரமோ செறிவைப் பொறுத்ததில்லை. 0.02-இல் ஒரு எண்ணை மட்டும் எடுத்து "இதுதான் தளர்வு நேரம்" என்றால் அரைகுறை. 0.005, 0.01, 0.02, 0.04 என்று நான்கு செறிவாவது வேண்டும்.

#9 – மெல்லிழை

ஒத்துக்கிறேன். ஒரே ஒரு எச்சரிக்கை: 0.005-ல நேர்கோட்டுப் பகுதி கண்ணுக்கே படாம போகலாம். சங்கிலி போதாம, முறிவு வர்றதுக்கு முன்னாடியே இழை அறுந்துடும். அப்போ கிடைக்கிற ரெண்டு மூணு புள்ளிக்குக் கோடு போடாதீங்க. "இந்தச் செறிவுல அளக்க முடியல"ன்னு எழுதிடுங்க.

#10 – நுண்துகள்

சுருண்ட நிலையிலேயே, நேரியல் ஜி′ கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கு மூன்று வழி.

முதலாவது, கரைப்பானைக் கெட்டியாக்குவது. தளர்வு நேரம் கரைப்பான் பாகுநிலைக்கு நேர்விகிதம். டேவிட் போகர் 1977-இல் காட்டிய மாறாப் பாகுநிலை மீள்திரவங்களின் அடிப்படை இதுதான். 85 விழுக்காடு கிளிசரால்-தண்ணீர் கலவை 20 டிகிரியில் சுமார் 109 மில்லிபாஸ்கல்-வினாடி, தண்ணீரைப்போல் நூறு மடங்குக்கு மேல். சுருளின் அளவு மாறாது என்று கொண்டால் தளர்வு நேரம் 0.1 வினாடியைத் தொடும். 10 ரேடியனில் ஜி′ 0.08 பாஸ்கல், கட்டக் கோணம் 86 டிகிரி. இதை உங்கள் ரியோமீட்டர் அளந்துவிடும். ஆனால் கிளிசராலில் சுருள் சுருங்கக்கூடும், ஆகவே உள்ளார்ந்த பாகுநிலையை அதே கலவையில் மறுபடி அளக்க வேண்டும். கிளிசரால் ஈரத்தை இழுக்கும். அந்தச் செறிவில் 1 விழுக்காடு தண்ணீர் ஏறினால் பாகுநிலை ஏறத்தாழ 10 விழுக்காடு இறங்கும். திறந்த தட்டில் அரை மணி நேரம் விடக் கூடாது.

இரண்டாவது, துகள் வழி நுண்ணளவீடு. கரைசலில் பாலிஸ்டைரீன் மணிகளை இட்டு, ஒளிச்சிதறலால் அவற்றின் சராசரி வர்க்க இடப்பெயர்ச்சியை எடுத்து, பொதுமைப்படுத்திய ஸ்டோக்ஸ்-ஐன்ஸ்டைன் உறவால் ஜி′, ஜி″ ஆக்குவது. மேசனும் வைட்சும் 1995-இல் கொடுத்த வழி. மைக்ரோவினாடி வரை இறங்கலாம், கருவி நிலைமத் தொல்லை கிடையாது. மணி சுருளைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்க வேண்டும்; 150 நானோமீட்டர் சுருளுக்கு 1 மைக்ரோமீட்டர் விட்டமே குறைந்தபட்சம். பி.இ.ஓ. பாலிஸ்டைரீன் பரப்பில் படியும், படிந்தால் மணி "தடிமன்" ஆகும். எனவே இரண்டு விட்டம், இரண்டு வகைப் பரப்பு. நான்கும் ஒத்துப்போனால் மட்டும் நம்பலாம்.

இதன் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். இடப்பெயர்ச்சியின் லாக்-லாக் சரிவு வெறும் தண்ணீரில் 1. நீர்த்த கரைசலில் 0.98, 0.99 என்று நிற்கும். ஜி′ என்பது மொத்தக் குணகத்தை, அந்தச் சரிவு × 90 டிகிரியின் கொசைனால் பெருக்கியது. 0.98-க்குக் கொசைன் 0.031, 0.99-க்கு 0.016. சரிவில் 0.01 பிசகினால் ஜி′ பாதியாகிறது. இந்தக் கரைசலுக்கு 500 ரேடியனுக்குக் கீழே வரும் ஜி′ புள்ளிகளை நான் வரைபடத்தில் போடவே மாட்டேன்.

மூன்றாவது, உயர் அதிர்வெண் கருவிகள். பீசோ அச்சு அதிர்வி பத்து ஹெர்ட்ஸிலிருந்து சில கிலோஹெர்ட்ஸ் வரை போகும், இடைவெளி சில பத்து மைக்ரோமீட்டர் என்பதால் திரவ நிலைமம் அடங்கும். நம் 1 மில்லிவினாடி 160 ஹெர்ட்ஸில் விழுவதால் பொருத்தமான சாளரம். குவார்ட்ஸ் நுண்தராசு இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். 5 மெகாஹெர்ட்ஸில் அதன் அலை தண்ணீருக்குள் போவது 250 நானோமீட்டர். சுருளின் ஆரத்தைப்போல் ஒன்றரை மடங்கைச் சற்றே தாண்டிய ஆழம்! பரப்பில் படிந்ததைத்தான் அளப்பீர்கள்.

#11 – கரைசல்காரன்

செங்குத்து விசை வழியே முதல் செங்குத்துத் தகைவு வேறுபாட்டை எடுத்தால்? ஷியர் வீதம் 1000 வரை போக முடியும்.

#12 – சுழல்தட்டு

1000-இல் நீங்கள் தேடுவது 2 × 0.00025 × 0.00094 × 10⁶, ஏறத்தாழ 0.5 பாஸ்கல். அதே வேகத்தில் திரவ நிலைமம் கோனைக் கீழே இழுப்பது 0.15 × அடர்த்தி × கோண வேக வர்க்கம் × ஆர வர்க்கம் = 41 பாஸ்கல். வேண்டாம்.

#13 – ஜாடிமூடி

எல்லாரும் கருவியையே பேசுகிறீர்கள். கரைசல் எப்படித் தயாரானது என்று யாரும் கேட்கவில்லை. 40 லட்சம் சங்கிலியைக் காந்தக் கிளறியில் 600 சுற்றில் ஒரு இரவு விட்டால் காலையில் இருப்பது 40 லட்சம் இல்லை.

0.4 விழுக்காடு தாய்க்கரைசல் போடுங்கள். சுழலும் தண்ணீரின் சுழியில் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் மேலே கூழாகி உள்ளே உலர்ந்த கட்டி நிற்கும், அது நாள் கணக்கில் கரையாது. தூள் நனைந்ததும் வேகக் கிளறலை நிறுத்திவிட்டு, பாட்டிலை உருளி மேல் நிமிடத்துக்கு 10 சுற்றில் 24-48 மணி நேரம். வெளிச்சம் படக்கூடாது. பின் 5 கிராம் தாய்க்கரைசலை நிறுத்து ஊற்றி, தண்ணீர் சேர்த்து 100 கிராமாக்கினால் 0.02 விழுக்காடு. பிப்பெட் வேண்டாம், சுவரில் ஒட்டி அளவு குறையும், குறுகிய முனையில் சங்கிலியும் அறும். காற்றுக் குமிழி இருந்தால் தானாக ஏறும் வரை விடுங்கள். 4 டிகிரியில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள், பி.இ.ஓ. காற்றின் ஆக்சிஜனால் தானே சிதையும்.

சிதைந்ததா என்று பார்க்க உப்பலோடே பாகுமானி (நுண்குழாய் வழியே திரவம் ஓடும் நேரத்தை அளப்பது) போதும், ஆனால் அதன் கூர்மை குறைவு. மூலக்கூறு எடை 10 விழுக்காடு விழுந்தால் உள்ளார்ந்த பாகுநிலை 6-7 விழுக்காடுதான் விழும்; தளர்வு நேரம் 16 விழுக்காடு விழும். குளியல் வெப்பநிலை 0.02 டிகிரிக்குள் நிற்க வேண்டும், தண்ணீரின் பாகுநிலை டிகிரிக்கு 2 விழுக்காடு மாறுகிறது. ஓட்ட நேரம் 200 வினாடிக்கு மேல் வரும் நுண்குழாயை எடுங்கள். சார்புப் பாகுநிலை (கரைசலுடையது ÷ கரைப்பானுடையது) 1.2-க்கும் 2-க்கும் இடையில் நிற்கட்டும்.

#14 – நுண்துகள்

அந்தக் கடைசிப் பத்தியில் ஒரு திருத்தம். உப்பலோடேயில் தண்ணீருக்கு ஷியர் வீதம் 1000-2000. தளர்வு நேரம் 1 மில்லிவினாடி என்றால் வைசென்பெர்க் எண் 1-ஐத் தாண்டுகிறது, சுருள் ஷியரால் மெலிந்து உள்ளார்ந்த பாகுநிலை குறைவாக வரும். 10 லட்சத்துக்கு இது பொருட்டில்லை, அங்கே தளர்வு 0.1 மில்லிவினாடி. 40 லட்சத்துக்கு இரட்டை இடைவெளி உருளையில் ஷியர் வீதம் 10-100 வரை அளந்து ஒப்பிட வேண்டும்.

#15 – ஜாடிமூடி

சரிதான். ஒரே குப்பியை நேற்றும் இன்றும் ஒப்பிட உப்பலோடே போதும், மார்க்-ஹவ்விங்கில் போட்டு மூலக்கூறு எடை எடுக்க அதை நம்ப வேண்டாம் என்று வைத்துக்கொள்வோம். தூள் டப்பாவில் அச்சிட்ட 40 லட்சமும் சராசரிதான், அகலமான பரவல். தளர்வு நேரத்தைப் பெரிய சங்கிலிகளின் வால்தான் நிர்ணயிக்கும், அறுவதும் முதலில் அந்த வால்தான்.

#16 – கரைசல்காரன்

வெறும் தண்ணீரை வைத்து அதே கோனில் ஓட்டியதில் ஜி′ 10 ரேடியனில் 0.9 × 10⁻³, 100-இல் 0.09, சரிவு 2. எனவே சொட்டு முறைக்குப் போகிறேன். 0.84 மி.மீ. ஊசி வழியாகத் தள்ளும்போதே சங்கிலி அறாதா?

#17 – மெல்லிழை

நிமிஷத்துக்கு 0.02 மி.லி.யில அறாது. ஊசிச் சுவர்ல ஷியர் வீதம் வெறும் 6. ஆபத்து அதுக்கு முன்னாடி இருக்கு: குமிழியைத் தள்ள கையால சிரிஞ்சை அழுத்துவீங்க பாருங்க, வினாடிக்கு 1 மி.லி. போனா அதே ஊசியில 17,000. அதுபோக ஊசி வழியா உறிஞ்சி சிரிஞ்சை நிரப்பவும் வேண்டாம். பிஸ்டனைக் கழட்டி, பின்பக்கமா கரைசலைச் சாய்ச்சு ஊற்றி, பிஸ்டனை மெதுவா செருகுங்க. குழாய் நிறைய பம்பையே 0.5 மி.லி./நிமிஷத்துல ஓட விடுங்க. முதல் ரெண்டு மூணு சொட்டை வடிச்சுடுங்க, முனையில காஞ்சிருந்தது அதோட போயிடும். ஊசி வெளிச்சுவர்ல கரைசல் ஏறி நின்னா துடைச்சுட்டு எடுங்க, இல்லைன்னா சொட்டு ஒரு பக்கமா தொங்கி இழை சாய்ஞ்சுடும்.